காம்பை வெட்டியது யார்?

சித்தி, மாலை 7:42
[படம்]
இந்த ஹோயாவை என்னதான் செய்வது? கொடி திரைச்சீலைக் கம்பியையும் தாண்டிவிட்டது. இலைக்குக் குறைச்சலே இல்லை. பூ மட்டும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு கொத்து வந்ததோடு சரி.

அண்ணன், 7:44
அந்த மெழுகுப் பூவா? பிளாஸ்டிக் என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேனே.

சித்தி, 7:44
அதேதான். சுரண்டியதை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியம்மா, 7:49
வெளிச்சம் எப்படி?

சித்தி, 7:50
சன்னல் ஓரம்தான் அக்கா. காலையில் ஒரு மணி நேரம் இளவெயில் படும், அப்புறம் நாள் முழுக்க நல்ல வெளிச்சம்.

பெரியம்மா, 7:51
அப்படியென்றால் வெளிச்சத்தில் குறை இல்லை. தொட்டி பெரிதா?

சித்தி, 7:51
பெரிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் மாற்றவில்லை.

பெரியம்மா, 7:54
மாற்றாதே. காட்டில் மரத்தின் மேல் தொற்றி வளர்கிற கொடி இது. வேருக்குக் காற்றோட்டம்தான் முக்கியம். பெரிய தொட்டியில் ஈரம் தங்கி வேர் அழுகிவிடும். வேர் நெருக்கமாகவே இருக்கட்டும், கோபித்துக்கொள்ளாது.

நான், 7:55
தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை பெரியம்மா?

பெரியம்மா, 7:57
அதை இலையிடம் கேள். தடித்த இலை, தண்ணீரை அதற்குள்தான் சேர்த்து வைத்திருக்கும். விறைப்பாக இருந்தால் ஊற்றாதே. விரலால் லேசாக மடிக்கும்போது துவண்டு வளைந்தால், அப்போது நன்றாக நனைய ஊற்று. கிழமை பார்த்து ஊற்றுவது இதற்கு ஆகாது.

சித்தப்பா, 7:58
ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் ஊற்றுகிறேன்.

சித்தி, 7:58
😶

அண்ணன், 8:03
ஹோயா என்ற பெயரே ஒரு தோட்டக்காரருடையது, தெரியுமா? தாமஸ் ஹாய். இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் 1810-ல் அவர் நினைவாக வைத்தார். நம் எருக்குக்கும் இது உறவு. கிள்ளினால் பால் வரும்.

சித்தி, 8:04
எங்கள் வீட்டுத் தோட்டக்காரர் யார் என்றும் இப்போது தெரிந்துவிட்டது. அக்கா, இலையே இல்லாமல் வால் மாதிரி நீளமாக ஒன்று போகிறதே, அதையாவது வெட்டலாமா?

பெரியம்மா, 8:05
ஐயோ, வேண்டாம். பிடி தேடிப் போகிறது. இலை பின்னால் வரும். ஒரு கம்பியில் சுற்றி விடு.

நான், 8:11
சித்தி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கணுவில் வெட்டின தழும்பு மாதிரி தெரிகிறதே?

பெரியம்மா, 8:13
அடிப்பாவி! பூக்காம்பை வெட்டினாயா?

சித்தி, 8:13
சத்தியமாக நான் தொடவே இல்லை அக்கா.

பெரியம்மா, 8:17
மற்ற செடியில் வாடின பூவைக் காம்போடு கிள்ளலாம். ஹோயாவில் கூடவே கூடாது. பூ உதிர்ந்த பிறகு குட்டியாக, காய்ந்த குச்சி மாதிரி ஒன்று நிற்கும். பார்த்தால் உயிர் இருப்பதாகவே தெரியாது. அடுத்த தடவை மொட்டு வைப்பது அதே குச்சியின் நுனியில்தான். ஒவ்வொரு தடவை பூக்கும்போதும் அது கொஞ்சம் நீளும். என்னிடம் இருப்பதில் ஒன்று சுண்டுவிரல் நீளம் வந்துவிட்டது, இன்னும் பூக்கிறது. அதை வெட்டிவிட்டால் கொடி புதுக் காம்பு விட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சித்தப்பா, 8:20
அந்தப் பூவிலிருந்து தேன் சொட்டித் தரையெல்லாம் பிசுபிசு என்று ஆனது. உதிர்ந்ததும் சுத்தம் செய்தேன். குச்சி காய்ந்து போயிருந்தது…

சித்தி, 8:20
என்னங்க!!!

அண்ணன், 8:21
அடுத்த அறையிலிருந்துதானே இரண்டு பேரும் எழுதுகிறீர்கள்?

சித்தி, 8:22
ராத்திரியில் அது வீசிய வாசனைக்குத்தானே இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன்.

பெரியம்மா, 8:26
சரி, விடு. படத்தில் அந்த வால் கொடியைப் பார். நுனியிலிருந்து மூன்றாவது கணுவில் குட்டியாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது புதுப் பூக்காம்பு மாதிரிதான் தெரிகிறது. மொட்டு வைத்த பிறகு தொட்டியை நகர்த்தாதே, திருப்பாதே, ஒரேயடியாகக் காயவும் விடாதே. மொட்டு மொத்தமாகக் கொட்டிவிடும்.

சித்தி, 8:27
கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது?

சித்தப்பா, 8:28
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன், 8:28
நான் படித்துவிட்டேன்.