உடல் பருமன் இருந்தால் ஃப்ளூ காய்ச்சல் கடுமையாகுமா?

கேள்வி:
என் அண்ணனுக்கு வயது 44, எடை 108 கிலோ, சர்க்கரையும் உண்டு. சென்ற மாதம் வீட்டில் அனைவருக்கும் ஃப்ளூ வந்தபோது, நாங்கள் கஞ்சியும் பாராசிட்டமாலுமாக நான்கு நாளில் எழுந்துவிட, அவருக்கு மட்டும் ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. எடைதான் காரணமா?

மறுமொழி 1:
பெரும்பங்கு அதற்கு இருக்கலாம். 2009ஆம் ஆண்டு எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பரவலின்போதுதான் பருமன் தனியொரு ஆபத்துக் காரணியாகத் தெளிவாகத் தெரிந்தது. கொரோனாவில் அது மீண்டும் உறுதியானது. மல்லாந்து படுக்கையில் வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரிவதில்லை என்பது ஒருபுறமிருக்க, கொழுப்புத் திசு எப்போதும் மெல்லிய அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருப்பதால், வைரஸை முதலில் தடுக்க வேண்டிய இன்டர்ஃபெரான் என்னும் புரதங்களின் செயல் மந்தமாகி, பின்னர் எழும் அழற்சி அளவு மீறிவிடுகிறது.

மறுமொழி 2:
சர்க்கரையை மறந்துவிடாதீர்கள். காய்ச்சலே அதை ஏற்றும். ஸ்டீராய்டு கொடுத்தால் இன்னும் ஏறும். 2021இல் கொரோனாவை ஒட்டிப் பரவிய கருப்புப் பூஞ்சை நோய் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளையே தாக்கியது.

கேட்டவர்:
அவர் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கியதன் காரணம் இப்போது புரிகிறது. தடுப்பூசி பயன்படுமா?

மறுமொழி 1:
பருமன் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு சற்றுக் குறையலாம். ஆயினும் மருத்துவரிடம் கேட்டு ஆண்டுதோறும் போட்டுக்கொள்வதே நல்லது.