கோடையில் வரும் இறையியல் மாணவர்களைச் சபை எவ்வாறு வரவேற்க வேண்டும்?

கேள்வி: சேகரச் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இறையியல் கல்லூரியில் பி.டி. பட்டப்படிப்பு படிக்கும் ஒரு தம்பியும் ஒரு தங்கையும் மே மாதம் முழுவதும் எங்கள் சேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) தங்கிப் பயிற்சி பெற வருகிறார்கள். சென்ற முறை வந்த மாணவரை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வண்ணத்தாள் வெட்டவும், மைக் செட் தூக்கவும், அசன விழா (சபை விருந்து) நோட்டீஸைத் தட்டச்சு செய்யவுமே நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம். கடைசி ஞாயிறு பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். பேருந்து ஏற்றிவிடப் போன என்னிடம் அவர், "ஒரு வீட்டுக்குள்ளும் போய் உட்காரவில்லையே, அண்ணாச்சி" என்றார். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. இம்முறை தவறாமலிருக்க என்ன செய்யலாம்? தங்கையை எங்கே தங்க வைப்பது என்பதிலும் கமிட்டியில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

பதில்: ஆயர் (சபைப் போதகர்) ஒருவர்

ஐயா, நீங்கள் இதைக் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி ஏழை மக்கள் குடியிருக்கும் பகுதிகளில் தங்கிப் படிக்கும் முறையைக் கொண்டுவந்ததற்குக் காரணம், மக்களின் வாழ்க்கையை அறியாமல் வேதத்தை விளக்க முடியாது என்ற நம்பிக்கைதான். உங்கள் ஊரில் மே மாதம் பதநீர்க் காலம். பனையேறுகிறவர்கள் அதிகாலையிலும் மாலையிலும் மரத்தில் இருப்பார்கள்; பெண்கள் விடிலி என்னும் காய்ச்சும் குடிசையில் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மாலை ஏழு மணி வீட்டு ஜெபத்துக்கு அவர்கள் ஏன் களைத்துப்போய் வருகிறார்கள் என்பதை, மாணவர் அந்த விடிலியின் புகையில் ஒரு பகல் உட்கார்ந்தால் அறிந்துகொள்வார். முதல் வாரத்தில் பிரசங்கம் கொடுக்காதீர்கள். சபை மூப்பர் ஒருவருடன் வீடு வீடாக அனுப்புங்கள். நோயாளியின் கட்டிலருகே பேசாமல் இருக்கப் பழகட்டும்.

நான் மாணவனாக இருந்தபோது, பல மாதங்களாகப் படுத்த படுக்கையாயிருந்த ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். தயாரித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளை நான் சொல்லி முடிப்பதற்குள், அவர் கண்களை மூடிக்கொண்டு 23-ஆம் சங்கீதத்தை ஒரு சொல் தவறாமல் எனக்காகச் சொன்னார். அன்று ஜெபித்தவர் அவர், ஆமென் சொன்னவன் நான்.

மற்றொன்று: திருவிருந்தை நடத்துவதும் கையை உயர்த்திச் சபைக்கு ஆசீர்வாதம் கூறுவதும் அருட்பொழிவு (குருப்பட்டம்) பெற்ற ஆயருக்குரியவை. மாணவர் ஆராதனை நடத்தும் நாளில், முடிவில் கிருபை வாக்கியத்தை (கிறிஸ்துவின் கிருபை இருப்பதாக என்னும் ஜெபத்தை) "உங்களனைவரோடும்" என்று சொல்லாமல் "நம்மனைவரோடும்" என்று சொல்லுவார். அந்த ஒரு சொல் மாற்றத்தின் பொருளைச் சபையாருக்கு முன்னதாகவே விளக்கிவிட்டால், "ஏன் கையை உயர்த்தவில்லை?" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த மாட்டார்கள்.

பதில்: பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர்

அண்ணன், தங்கையைத் தனியாக ஒரு காலி வீட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் வீடு மாற்றி அலைக்கழிக்கவும் வேண்டாம். குருமனையில் (ஆயரின் வீட்டில்) இடமில்லையென்றால், உள்ளே தாழிட்டுக்கொள்ளத் தனி அறையும் அருகிலேயே கழிப்பறையும் உள்ள ஒரே வீட்டைச் சங்கத்தின் அம்மாமார் தேர்ந்தெடுக்கட்டும். இரவு ஜெபக்கூட்டம் முடிந்தபின் அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது யார் பொறுப்பு என்பதை இப்போதே எழுதி வையுங்கள். "பெண் பிள்ளைதானே, ஞாயிறு பள்ளியைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒதுக்கிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தென்னிந்தியத் திருச்சபையில் 1976-இலேயே ஒரு பெண் ஆயராக அருட்பொழிவு பெற்றார். 2013-இல் ஒரு பெண் பேராயரும் (பிஷப்) ஆனார். தம்பிக்கு இரண்டு பிரசங்கம் என்றால் தங்கைக்கும் இரண்டு.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், சேகர கமிட்டி உறுப்பினர்

கல்லூரி அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் "நன்று" என்று எழுதிக் கையெழுத்திடுவது நம் ஊர் வழக்கம். அது அன்பினால் செய்வதுதான், ஆனாலும் மாணவருக்குத் தீங்கு. பிரசங்கம் நீண்டுவிட்டது, பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை, தந்தையை இழந்த வீட்டில் அவசரப்பட்டுப் பேசிவிட்டார் என்றால், அதை அதே வாரத்தில், ஆயரும் இரண்டு சபையாரும் மட்டும் இருக்கும்போது, கனிவாகச் சொல்லுங்கள். 1733-இல் தரங்கம்பாடியில் அருட்பொழிவு பெற்ற ஆரோன், இந்தியர்களுள் முதல் புராட்டஸ்டண்ட் ஆயர், அதற்கு முன்னர் பல ஆண்டுகள் உபதேசியாராக (வேதம் போதிக்கும் சபை ஊழியராக) ஊர் ஊராகச் சென்று உழைத்தவர். அவரை ஆயத்தப்படுத்தியதில் சபை மக்களுக்கும் பங்குண்டு. பயணச் செலவையும் கைச்செலவையும் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் கமிட்டி கூடியது. தங்கை, எங்கள் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மாவின் வீட்டில் தங்குவார். பிரசங்கங்கள் சமமாகப் பகிரப்பட்டுவிட்டன. விடிலிக்கு அழைத்துச் செல்ல, பனையேறும் எங்கள் மூப்பர் தாமாகவே முன்வந்திருக்கிறார். காலை நான்கரை மணிக்கு எழுந்துவிடுவார்களா என்று மட்டும் அவர் கேட்டார். எழுப்பி அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.