பைப் செய்த உபகாரமும் உபத்திரவமும்

திருப்பு விசையை, அதாவது ஒன்றைச் சுழற்றும் வலுவை (ஆங்கிலத்தில் 'டார்க்'), பள்ளியில் படித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது புரிந்தது, பஞ்சரான காருக்குப் பக்கத்தில் வியர்த்து நின்றபோதுதான்.

நான்கு நட்டில் மூன்று கழன்றுவிட்டன. நான்காவது அசையவே இல்லை. ஸ்பேனர் இடப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து, செங்குத்துக்கு முப்பது டிகிரியில் நின்றது. அதன் மேல் என் 60 கிலோ எடையையும் போட்டு அழுத்தினேன். ம்ஹூம்! விசை கணிசமாகத்தான் இருந்தது, கிட்டத்தட்ட 600 நியூட்டன். ஆனால் அதில் பாதிதான் நட்டைத் திருப்பப் பயன்பட்டது. மீதி ஸ்பேனரின் நீளவாக்கில் போய் வீணானது. அந்தப் பாதியை ஸ்பேனரின் 25 சென்டிமீட்டர் நீளத்தால் பெருக்கினால் திருப்பு விசை 75 நியூட்டன் மீட்டர்தான் வரும். ஸ்பேனரைக் கழற்றி, தரைக்கு இணையாக மாட்டி அழுத்தியிருந்தாலே அது 150 ஆகியிருக்கும். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு போட்ட கணக்கு!

அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் ஒரு இரும்பு பைப்பை எடுத்துவந்து ஸ்பேனரின் கைப்பிடியில் செருகினார். பிடி முக்கால் மீட்டர் நீளமாயிற்று. ஒரு கையால் அழுத்தினார், 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாற்று டயரைப் பூட்டும்போதும் அதே பைப்பை வாங்கி இறுக்கினேன். 'இறுக்கத்துக்கு வேண்டாம் சார்' என்றார் அவர். நான் கேட்கவில்லை. பல கார்களின் சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் தேவை. நான் சாதாரணமாக 300 நியூட்டனில் இழுத்திருந்தாலும் முக்கால் மீட்டர் பிடியில் அது 225 நியூட்டன் மீட்டர் ஆகியிருக்கும். போல்ட் முறிந்து கையோடு வந்துவிட்டது. இப்போது டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறேன். குறித்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லிவிடும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, துடைப்பக் கதை. நீளக் கைப்பிடி உள்ள துடைப்பத்தை இரண்டு ஆள்காட்டி விரல்களின் மேல் படுக்கவைத்து, விரல்களை மெல்ல நெருக்கிக்கொண்டு வாருங்கள். எப்படி நகர்த்தினாலும் இரண்டும் ஈர்ப்பு மையத்துக்கு, அதாவது துடைப்பம் சாயாமல் சமநிலையில் நிற்கும் இடத்துக்கு, அடியில்தான் சந்திக்கும். மையத்துக்கு அருகில் இருக்கும் விரல்மேல் பாரம் அதிகம், உராய்வும் அதிகம். அதனால் அது நின்றுகொள்ள, மற்றது வழுக்கி வரும். பிறகு அது நிற்க, இது நகரும்.

சரி, அந்த இடத்தில் துடைப்பத்தை இரண்டாக அறுத்தால் எது கனமாக இருக்கும்? 'இரண்டும் சமம்' என்று அடித்துச் சொன்னேன். மகள் நம்பவில்லை. தூக்கிப்போட இருந்த பழைய துடைப்பம்தானே என்று அறுத்து, தராசில் வைத்தோம். குட்டையான தலைப்பக்கம் மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம்! சமமாக இருந்தது எடை அல்ல, எடையையும் ஈர்ப்பு மையத்திலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கிய தொகை. நெம்புகோல் கணக்கே அதுதான். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அதோடு விடவில்லை. குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, முழங்காலை மடக்காமல் கால் விரலைத் தொடச் சொன்னாள். குனியும்போது இடுப்பு பின்னால் போனால்தான் ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே நிற்கும். சுவர் அதற்கு விடாது. இது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் முயன்றேன். முன்னால் போட்டிருந்த மெத்தையில் போய் விழுந்தேன். மெத்தையைப் போட்டு வைத்ததும் அவள்தான்.