அல்கார்வ் கடற்கரை: போனவர்கள், போகப் போகிறவர்கள் சொல்லுங்கள்

முத்துநகர்ப் பெண்:

ஜூனில் நாங்கள் போர்ச்சுகலின் தெற்குக் கடற்கரைக்கு, அல்கார்வுக்குப் போகிறோம். போன வருஷமே போயிருக்க வேண்டியது. டிக்கெட் போட்டு, வீடு பிடித்து, பிள்ளைகளுக்கு மிதவை வாங்கி, விமான நிலையம் வரைக்கும் போனேன். அதோடு சரி.

லண்டனில் எங்கள் நாலு பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அம்மா தூத்துக்குடியிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார்கள். பிரிட்டன் விசாதான் இருக்கிறதே, பக்கத்து நாட்டுக்குப் போய்வர என்ன என்று நினைத்துவிட்டேன். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டை ஒரு தடவை புரட்டினார். திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அம்மா சுருக்குப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு என் காதோரம், "என்னத்தத் தேடுதாங்க? எங்கிட்ட கேட்டா எடுத்துக் கொடுப்பம்லா" என்றார்கள். எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. போர்ச்சுகல் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும்.

அவரும் பிள்ளைகளும் விமானம் ஏறினார்கள். நானும் அம்மாவும் திரும்பிவிட்டோம். டாக்சியில் வரும்போது, "என்னால நீயும் போகலியே" என்று ஒரு தடவைதான் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தத் தடவை அம்மா ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்து, சென்னைக்குப் போய்க் கைரேகையும் கொடுத்துவிட்டார்கள். 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு 6 மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கிளம்ப 15 நாள்கூட இல்லாவிட்டால் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். விசா கையில் வந்துவிட்டது. அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. எங்கே தங்கலாம்?

கரைவலை:

நாங்கள் பாரிசில் இருந்து போனது. அல்புஃபெய்ராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை, மேலே சிவப்பும் மஞ்சளுமாகப் பாறைச்சுவர். மத்தியானம் 12 மணி. குடை வாடகைக்கு எடுக்காமல், பாறை அடியில் நல்ல நிழல் கிடக்கிறதே என்று பாயை விரித்துவிட்டோம். வெயில் என்றால் நிழலைத் தேடித்தானே நாங்கள் வளர்ந்தது?

மகனுக்கு அப்போது 6 வயது. படுத்துக் கிடந்தான். தடி ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் மணலில் நேரே எங்களிடம் வந்தார். ஏதோ கதைத்தார், எங்களுக்கு விளங்கவில்லை. அவர் குனிந்து ஒரு கைப்பிடி மணலும் கல்லும் அள்ளி, மகனின் தலைக்குப் பக்கத்தில் பாயின் மேல் மெதுவாகக் கொட்டினார். பிறகு தடியை மேலே நீட்டினார். நான் முதலில் கோபப்பட்டு எழும்பிவிட்டேன். மனுசிக்குத்தான் விளங்கியது. பாயைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போனோம். அன்றைக்கு ஒன்றும் விழவில்லை.

பின்னேரம் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். 2009 ஆகஸ்டில் அங்கே மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து, அடியில் இருந்த 5 பேர் செத்திருக்கிறார்கள். அந்தப் பாறை இறுகின கல் இல்லை. மழையும் கடலும் அரித்து, உள்ளுக்குள் பிளந்து நிற்கும். எச்சரிக்கைப் பலகை இருந்தது, நாங்கள் பார்க்காமல் கடந்து வந்திருக்கிறோம். அடுத்த நாள் அந்தக் கிழவரைத் தேடி அதே நேரத்துக்குப் போனேன். காணவில்லை. நான் கோபமாக எழும்பினதைத்தான் அவர் கடைசியாகப் பார்த்தது.

கடைசி ரயில்:

அல்புஃபெய்ரா என்று யாராவது சொன்னாலே எனக்கு அந்த ரயில் நிலையம்தான் ஞாபகம் வருகிறது. லிஸ்பனிலிருந்து போனோம். நிலையத்தின் பெயரில் அல்புஃபெய்ரா இருக்கும், ஆனால் அது இருப்பது ஃபெரெய்ராஸ் என்ற ஊரில். கடற்கரை அங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர். இரவு பத்தரைக்கு இறங்கினோம், வெளியே ஒரே ஒரு டாக்சி. நான் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். பின் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால், முதுகுப்பையோடு ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் வண்டியில் ஒரு இடம் இருந்தது. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் எப்படிப் போனாளோ.

சரி, வயதானவரோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது: ஃபாரோ விமான நிலையத்திலேயே கார் எடுத்துவிடுங்கள். ரயில் லாகோஸிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை கடற்கரையோரமாகப் போவது மாதிரி வரைபடத்தில் தெரியும், ஆனால் பல நிலையங்கள் கடலை விட்டு உள்ளே இருக்கின்றன. கார் எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கீறலும் தெரிய வேண்டும். 12 வயதுக்குள், 135 செ.மீ. உயரம் எட்டாத பிள்ளை இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஏ-22 நெடுஞ்சாலையில் ஏறினால் சுங்கக் கட்டணம் உண்டு. சாவடி கிடையாது, கேமரா படம் எடுத்துவிடும். 2019-ல் எனக்கு ஊர் திரும்பிய பிறகு பில் வந்தது. அதனால் கண்ணாடியில் ஒட்டும் கருவியைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பழைய 125-ஆம் எண் சாலையிலேயே போங்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஓதம்:

ரயில்காரர் சொல்வது பழைய கதை. ஏ-22-வில் சுங்கத்தை 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பயந்து யாரும் 125-இல் போய் ஊருக்கு ஊர் நிற்க வேண்டாம். காரும் எல்லோருக்கும் தேவையில்லை. ஃபாரோவிலிருந்து வாமுஸ் பஸ் இருக்கிறது, நாங்கள் ஒரு வாரம் அதிலேயே சுற்றினோம்.

பாறையைப் பற்றி எழுதியவருக்கு ஒன்று. "தண்ணீர்ப் பக்கம் போனோம்" என்று நிறுத்திவிட்டீர்கள். தண்ணீரும் ஒரே இடத்தில் நிற்காது. லாகோஸில் வற்றுநேரத்தில் பாறையைச் சுற்றி நடந்து அடுத்த குடாவுக்குப் போய், அரை மணி நேரம் படம் எடுத்தோம். திரும்பினால் வந்த வழியில் இடுப்பளவு தண்ணீர். தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பு இரண்டையும் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தேன். அட்லாண்டிக் தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும், கால் மரத்துப்போனது. ஏற்ற இறக்க நேரத்தைப் பார்க்காமல் அங்கே யாரும் குடா தாண்டாதீர்கள்.

வெண்டைக்காய்ப் பச்சடி:

மாமியார் சுத்த சைவம். ஓல்யாங் மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை. கால்தோ வெர்து என்று கீரை, உருளைக்கிழங்கு சூப், பச்சைப் பசேலென்று இருந்தது. நான்தான் "கீரை சூப், தைரியமாகச் சாப்பிடுங்கள் அத்தை" என்றேன். பாதிக் கிண்ணம் காலியான பிறகு கரண்டியில் ஒரு சிவப்பு வில்லை வந்தது. பன்றி இறைச்சித் துண்டு. அந்தச் சூப்பில் அது போடுவதுதான் வழக்கம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் சத்தம் வராமல் வைத்தார்கள். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான்.

முத்துநகர், அம்மா சைவமா என்று நீங்கள் சொல்லவில்லை. சைவம் என்றால் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், மீன் வந்து நிற்கும். இறைச்சி, மீன் இரண்டையும் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, மத்தி விழுது வைப்பார்கள். அது இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம், அதற்குக் காசு கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

கிழக்குக் கரை:

எல்லோரும் பயமுறுத்தியாயிற்று, முட்டி வலிக்காரருக்கு எங்கே தங்குவது என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லக் காணோம்.

படத்தில் வரும் பாறையும் குகையும் மேற்கே, லாகோஸ் பக்கம். அங்கே கமீலோ கடற்கரைக்கு இறங்கவே ஏறக்குறைய 200 படி. பெனாஜில் குகைக்குள் இப்போது படகில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். 2024-இல் இருந்து உள்ளே மணலில் இறங்கத் தடை, நீந்திப் போகவும் தடை. அம்மாவுக்கு இது எதுவும் வேண்டாம். கிழக்கே தவீராவில் தங்குங்கள். கரை தட்டை, தண்ணீரும் மேற்கைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, ஒரு கால் இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தவீராவுக்குப் பக்கத்தில் பாரில் என்ற கடற்கரை. பாலத்தைத் தாண்டினால் ஒரு குட்டி ரயில், கழிமுகத்துச் சேற்று நிலத்தின் குறுக்கே மணல்வரை கொண்டுபோய் விடுகிறது. இறங்கினால் மணல்மேட்டில் வரிசை வரிசையாகத் துருப்பிடித்த நங்கூரங்கள். முன்பு அங்கே சூரை மீன் வலைகளைக் கடலில் நிறுத்தப் போட்டவை. மீன் வரத்து நின்ற பிறகு கரையிலேயே நட்டுவிட்டார்கள். அப்பா ஒரு நங்கூரத்தின் மேல் நல்ல கையை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் யார் பிடியும் இல்லாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் பின்னால் கையை நீட்டியபடியே நின்றேன். பிடிக்கவில்லை.

தவீராவைச் சுற்றி உப்பளங்கள் உண்டு. கோடையில் போனால் உப்பு வாருவதைப் பார்க்கலாம், பாத்திகளில் பூநாரையும் நிற்கும்.

முத்துநகர்ப் பெண்:

கிழக்குக் கரை, ரொம்ப நன்றி. தவீராவில் தரைத்தளத்தில் ஒரு வீடு போட்டுவிட்டேன். அம்மா மீன் சாப்பிடுவார்கள், அதில் கவலையில்லை.

உப்பளம் இருக்கிறது என்று போனில் சொன்னேன். தாத்தா உப்பளத்தில்தான் வேலை பார்த்தார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்கயும் மரப்பலகை வச்சுத்தான் வாருதாங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "அப்ப சாயங்காலமாப் போவோம், மத்தியானம் கண்ணு கூசும்" என்றார்கள்.