1803ஐ வாசிப்பு அரங்காகச் செய்ய: பிரதியும் பாட்டும்

கேள்வி — ஒட்டுசுட்டான்_வாசிப்பு
வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803இல ஆங்கிலேயரின்ர முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச ஓகஸ்ட் 25ஐ ஒட்டி, பள்ளிக்கூட முற்றத்தில பிள்ளைகளைக் கொண்டு 40 நிமிட வாசிப்பு அரங்கு செய்யப்போறம். பாடமாக்கிறது இல்லை, தாளைப் பார்த்தே வாசிப்பினம். இடையிடையே அந்தக் காலத்துப் பாட்டு. பிரதி எவ்வளவு நீளம் இருக்கோணும்? ஆர்மோனியம் இருக்கு, பாவிக்கலாமோ?

பதில் — களரி
பாட்டுக்கு 10 நிமிடத்தை முதலே எடுத்து வையுங்கோ. ஆறுதலா வாசிச்சா நிமிடத்துக்கு 80 சொல்லளவு போகும், ஆகவே 2400 சொல்லுக்கு மேல எழுத வேண்டாம். நாலு குரல் காணும். அதில ஒரு குரல் ஆவணத்தை மட்டும் வாசிக்கட்டும், இன்னொண்டு சனம் சொல்லிவாற கதையை மட்டும். கடைசி வரைக்கும் இது மாறக்கூடாது. கற்சிலைமடு நினைவுக்கல்லின்ர வாசகம், 1803 ஒக்டோபர் 31இல ஆங்கிலேயப் படைக் கப்டன் வொன் டிரிபேர்க் இவ்விடத்தில பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சதைத்தான் சொல்லுது. இறந்தார் எண்டு அதில இல்லை. காக்கைவன்னியன் எண்ட இன்னொரு வன்னித் தலைவன் அவரைக் காட்டிக்குடுத்தது வாய்வழிக் கதை. ரெண்டையும் ஒரே பிள்ளை வாசிச்சா, கேக்கிறவைக்கு எது பதிவு எது கதை எண்டு பிரியாது. கதையை வெட்டிப்போடாதேங்கோ, வன்னிச் சனம் அவரை எப்படி நினைச்சுவைச்சிருக்கு எண்டதும் வரலாறுதான்.

தாளின்ர ஒரு பக்கத்தில மட்டும், பெரிய எழுத்தில அச்சடியுங்கோ. பக்கம் முடியிற இடத்தில வசனமும் முடியோணும். இல்லாட்டி தாள் புரட்டேக்க குரல் அறுந்துபோகும்.

பதில் — மத்தளம்_சல்லரி
ஆர்மோனியம் வேண்டாம். அந்தக் கருவிக்கு பிரான்சில காப்புரிமை எடுத்ததே 1842இல. மத்தளம், சல்லரி (கைத்தாளம்), உடுக்கு போதும். கோவலன் கூத்து ஆடின அண்ணாவியார் (கூத்துப் பழக்கிறவர்) ஒருவரைக் கேட்டு மெட்டு எடுங்கோ. வயல் காட்சிக்கு அரிவுவெட்டுப் பாட்டும் சூடுமிதிப்பு (நெற்கதிர் மிதிக்கிற) பாட்டும் பொருந்தும். ஆனா "1803இல பாடின பாட்டு" எண்டு அறிவிக்காதேங்கோ, "வன்னியின் மரபுப் பாட்டு" எண்டாலே சரி.

வாசிக்கேக்க கீழால மத்தளம் அடிச்சா சொல் விளங்காது, முக்கியமா மெல்லின எழுத்துகள் அமுங்கிப்போகும். அடி நிண்டு, ரெண்டு மூச்சு விட்டுத்தான் வாசிப்பு தொடங்கோணும். மத்தளத்துக்கு மைக் வைக்க வேண்டாம், வாசிக்கிறவையின்ர மைக்குக்குப் பக்கவாட்டா 10 அடி தள்ளி இருத்துங்கோ. அப்பவும் அது மைக்கில ஏறும், அந்தளவு போதும்.

கேள்வி — ஒட்டுசுட்டான்_வாசிப்பு
நன்றி. வெளியில, பின்னேரம் 5 மணிக்குச் செய்யிறதில ஏதும் பிரச்சினை வருமோ?

பதில் — களரி
ஓகஸ்டில சோளகம் அடிக்கும். காத்து தென்மேற்கால வாறதால மேடையை முற்றத்தின்ர தென்மேற்கு மூலையில, சுவர் பின்னுக்கு இருக்கிற மாதிரிப் போடுங்கோ. சத்தமும் காத்தோட சனத்தின்ர பக்கம் போகும். மைக்குக்குப் பஞ்சுறை கட்டாயம் போடோணும், இல்லாட்டி ஸ்பீக்கரில காத்துத்தான் இரையும். தாளைத் தனித்தனியாக் குடுக்காமல், மட்டையில மேலயும் கீழயும் கிளிப் போட்டுக் குடுங்கோ. மேற்கு வெயில் சனத்தின்ர கண்ணில குத்தும், அதால 5:30க்குத் தொடங்கிறது நல்லது. இருட்டுப்பட முதல் முடிஞ்சிடும், ஆனாலும் தாளுக்கு ஒரு பல்ப் கொழுவி வையுங்கோ.