குயில்ட்டின் அடிப்பக்கம் சுருங்குகிறது: மாமியிடம் என்ன சாமான் சொல்லிவிடலாம்?

உப்புவெளித் தையல்:
அம்மாவின் நூல் சாறிகளும் சட்டை தைத்து மிஞ்சிய சீத்தைத் துண்டுகளும் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றைச் சதுரமாக வெட்டிக் கட்டிலுக்கு ஒரு குயில்ட், அதாவது பஞ்சு வைத்த போர்வை, தைக்கிறேன். மேலே சதுரங்கள், நடுவில் பொலியெஸ்டர் பஞ்சு, அடியில் பருத்தி பெட்ஷீற். என்னிடம் இருப்பது பழைய கறுப்புக் கால் மெஷின். நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் நன்றாக ஓடுகிறது.

மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது மேல்துணி தள்ளுப்படுகிறது, அடிப்பக்கம் மடிந்து சுருங்குகிறது. அதற்கு முன்பே இன்னொரு வில்லங்கம். ஐந்தரை அங்குலச் சதுரம், வரிசைக்கு 12. வரிசைகளை இணைக்கப் போனால் மூலைகள் சந்திக்கவில்லை, ஒரு வரிசை மற்றதைவிடக் கட்டையாக இருக்கிறது.

கனடாவிலிருந்து மாமி ஆவணியில் வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்கிறார். யூரியூப்பில் குயில்ட் தைப்பவர்களின் மேசையில் கடை போல் சாமான் பரப்பியிருக்கிறார்கள். மாமிக்குச் செலவும் பாரமும் வைக்காமல் கேட்கக்கூடியவை எவை? வீடு கடலுக்குக் கிட்ட, மாரியில் குண்டூசிகூடத் துருப்பிடிக்கும். அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

நிலாவெளிக்காரி:
தங்கச்சி, மெஷின் தட்டில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் அடித்துணியை மட்டும்தான் இழுக்கும். மேல்துணியை இழுக்க ஒன்றும் இல்லை, ஊசிக்குப் பக்கத்தில் இறங்கும் ஃபூட் (பாதம்) அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு துணி என்றால் சமாளிக்கலாம். நடுவில் பஞ்சு வந்ததும் மேல்துணி பின்தங்கி, தையல் குறுக்கிடும் இடத்தில் மடிந்துவிடும். அந்த ஃபூட்டுக்குப் பதிலாகப் பூட்டும் வோக்கிங் ஃபூட்டுக்குத் தனிப் பல் இருக்கிறது, அது மேல்துணியையும் அதே வேகத்தில் நகர்த்தும். ஒரே ஒரு சாமான்தான் கேட்கலாம் என்றால் அதைக் கேளுங்கள்.

ஆனால் அடித்துணி தளர்வாகக் கிடந்தால் எந்த ஃபூட்டும் காப்பாற்றாது. நிலத்தைத் துடைத்துவிட்டு பெட்ஷீற்றை விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்கவேண்டும், இழுபடக் கூடாது. அதன்மேல் பஞ்சு, பிறகு சதுரத்துணி. உள்ளங்கை வைக்கும் இடைவெளிக்கு ஒரு சட்டைப்பின் குத்துங்கள். தைக்கும்போது நடுவிலிருந்து வெளியே போங்கள். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் போதும், அதைவிட நெருக்கினால் துணி விறைத்துப்போகும். ஊசி 14ஆம் நம்பர்.

கிண்ணியா ராத்தா:
மூலை சந்திக்காததற்குக் காரணம் தையல் விளிம்பு, அதாவது தையலுக்கும் துணி ஓரத்துக்கும் இடையில் விடும் அளவு. குயில்ட்டுக்கு அது கால் அங்குலம். ஒவ்வொரு தையலும் ஒரு மில்லிமீற்றர் உள்ளே போனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 2 மில்லிமீற்றர் போகும். 12 சதுரத்துக்கு 11 இணைப்பு, ஆகவே ஒரு வரிசையில் 22 மில்லிமீற்றர். கட்டையாகத்தானே வரும்! ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, பல்லை மறைக்காமல், மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகும். விளிம்புகளை அயன் பண்ணும்போது ஒரு வரிசையில் இடப்பக்கம், அடுத்த வரிசையில் வலப்பக்கம் மடியுங்கள். இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தி மூலை தானாகச் சேரும்.

அப்புறம், நூல் சாறி வழுக்கும். வெட்டுவதற்கு முன் சோற்றுக்கஞ்சி போட்டு அயன் பண்ணிப் பாருங்கள், கடதாசி மாதிரி நிற்கும். ஆனால் கஞ்சித் துணியை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள், பூச்சி அரிக்கும். தைத்து முடிந்ததும் கழுவிவிடவேண்டும்.

மாமியிடம் 45 மில்லிமீற்றர் ரொட்டரி கட்டரும் (உருளும் வட்ட அலகுக் கத்தி) அதற்கு அடியில் விரிக்கும் வெட்டுப் பாயும் கேளுங்கள். ஓல்ஃபா என்ற ஜப்பான் கம்பனி 1979இல் அதைக் கொண்டுவந்தது. சதுரம் வெட்டும் வேலையில் கத்தரிக்கோல் அதற்குக் கிட்டவும் வராது. பாய் இல்லாமல் பலகையிலோ டைல்ஸிலோ வெட்டினால் அலகு மழுங்கிவிடும். அளவுகோலுக்கு மாமியைக் கஷ்டப்படுத்த வேண்டாம். பெயர்ப்பலகை செய்யும் கடையில் தடித்த பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்) துண்டைச் சரியாக ஐந்தரை அங்குலத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். அதை வைத்துச் சுற்றி வெட்டினால் எல்லாச் சதுரமும் ஒரே அளவு.

மெஷின் திருத்துநர், திருகோணமலை:
பிள்ளை, ஃபூட் வாங்க முன் அளந்து பாருங்கோ. ஃபூட்டை இறக்கிவிட்டுத் தட்டிலிருந்து ஃபூட் திருகின் நடுவுக்கு அளந்தால் முக்கால் அங்குலம் வரவேண்டும். அது லோ ஷாங்க், ஃபூட் பூட்டும் தண்டு கட்டையான வகை. ஒன்றேகால் அங்குலத்துக்குக் கிட்ட வந்தால் ஹை ஷாங்க், அதற்கு வேறு ஃபூட். ஊசியை இறுக்கும் திருகு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கவும் வேண்டும், வோக்கிங் ஃபூட்டின் கவடு அதன்மேல்தான் ஏறும். இன்னொன்று: பழைய நேர்த்தையல் மெஷினில் பல் ஒடுக்கம். சிக்ஸாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) மெஷினுக்குச் செய்த அகல ஃபூட்டின் பல் அதற்கு வெளியே விழுந்தால் இழுக்காது. ஒடுக்கமான பல் உள்ளதாகக் கேட்கச் சொல்லுங்கோ.

அதுவரைக்கும் காசில்லாத வைத்தியம் ஒன்று. ஃபூட் கம்பியின் உச்சியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கோ. அழுத்தம் குறையும், சுருக்கமும் குறையும்.

தேங்காயெண்ணெய் மட்டும் விடாதேங்கோ, பிசின் போல இறுகிவிடும். யாராவது விட்டிருந்தால் மண்ணெண்ணெய் சில துளி விட்டு ஓட்டித் துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய். அலகையும் ஊசிகளையும் அதே எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, இறுக்கமான டின்னில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பைகளோடு வையுங்கோ. துணியில் வைக்க முன் எண்ணெயைத் துடைத்துவிடவேண்டும்.

உப்புவெளித் தையல்:
எல்லோருக்கும் நன்றி. அளந்தேன் ஐயா, முக்கால் அங்குலம், திருகும் வலப்பக்கம்தான். உச்சித் திருகைத் தளர்த்தி மிச்சத்துணியில் ஓட்டிப் பார்த்தேன், சுருக்கம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ராத்தா சொன்ன டேப்பும் ஒட்டியாயிற்று. சூட்டில் அழியும் பேனா வேண்டுமா என்று மாமி கேட்கிறார். கோடு போட நல்லதா?

நிலாவெளிக்காரி:
ஃப்ரிக்ஷன் பேனாவா? அயன் சூட்டில் கோடு மறையும். ஆனால் கடும் குளிரில் திரும்பத் தெரியக்கூடும். நம்முடைய ஊரில் அந்தப் பயம் இல்லை, கனடாவுக்குப் பரிசாகப் போகும் குயில்ட்டில் போடாதீர்கள். கறுப்பு, நீலத் துணியில் வெள்ளைத் தடமும் விடலாம், துண்டில் சோதித்துப் பார்க்கவேண்டும். எனக்குத் தேய்ந்த வெள்ளைச் சவர்க்காரத் துண்டு போதும், அடர்நிறத்தில் நன்றாகத் தெரியும், கழுவினால் போய்விடும்.

கட்டரையும் அலகையும் கைப்பையில் வைக்க வேண்டாம், பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். அலகு இரண்டு மூன்று கூடுதலாகக் கேளுங்கள்.