உடற்கல்வி ஆசிரியராகப் போகிறவர் தன் ஆட்டத்தைத் தொடர வேண்டுமா, குறைத்துக்கொள்ள வேண்டுமா?

வலைக்குமேல்:
வணக்கம். உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். விளையாட்டோடு உடல்நலப் பாடமும் எடுக்க வேண்டிய பணி. சின்ன வயதிலிருந்தே வாலிபால் ஆடுகிறேன், இப்போதும் காலை மாலை இரண்டு வேளையும் அணியோடு பயிற்சி. கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகும் நாள் நெருங்குகிறது. சீனியர்களில் பாதிப் பேர், "ஆட்டத்தை விடாதே, அதுதான் உன் பலம்" என்கிறார்கள். மீதிப் பேர், "ஆடினது போதும், வகுப்பை நடத்தவும் முதலுதவி செய்யவும் கற்றுக்கொள்" என்கிறார்கள். இரண்டுக்கும் நேரம் போதவில்லை. எதை முன்னால் வைப்பது? காரணத்தோடு சொல்லுங்கள்.

தடகளப் பித்தன்:
தம்பி, ஆட்டத்தை விடாதீர்கள். கிரவுண்டில் பிள்ளைகள் முதலில் பார்ப்பது உங்கள் உடம்பைத்தான். சர்வீஸ் போடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறவரை விட, ஒரு தடவை சுத்தமாகப் போட்டுக் காட்டுகிறவர் சொன்னால் கேட்பார்கள்.

அதை விட முக்கியமானது ஒன்று. செய்து பழகிய உடம்புக்குத்தான் தப்பு எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும். குட்டிக்கரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் ஊன்றி, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, இடுப்பைத் தூக்கிக் கொடுத்து உருள வேண்டும். மேட் மேல் படவேண்டியது தோள்பட்டையின் பின்பக்கம். உச்சந்தலை பட்டு அதன்மேல் பாரம் இறங்கினால் கழுத்துக்கு ஆபத்து. இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கால் தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் பயந்த பிள்ளை தலையை நிமிர்த்திவிடும். பலமுறை உருண்டவரின் கை அதற்கு முன்பே பிள்ளையின் பின்னந்தலையில் போய் நிற்கும். படித்து மட்டும் வந்தவரின் கை அங்கே போய்ச் சேருவதற்குள் பிள்ளை உருண்டு முடித்திருக்கும்.

சுண்ணாம்புக் கோடு:
"செய்து காட்டுகிறவர் சொன்னால் கேட்பார்கள்" என்கிறார் தடகளப் பித்தன். கேட்பார்கள், சரி. கேட்டுவிட்டு என்ன செய்வார்கள்? வரிசையில் நிற்பார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 40 பிள்ளைகள், ஒரு கூடைப்பந்து வளையம், ஒரே வரிசை. ஒருவர் ஓடிவந்து பந்தைப் போட்டு, எடுத்து, அடுத்தவர் கையில் கொடுக்க 20 நொடி என்று வையுங்கள். ஒரு சுற்று முடிய 800 நொடி, அதாவது 13 நிமிடத்துக்கு மேல். 40 நிமிட பீரியடில் வருகை எடுத்தது, வரிசை போட்டது, தண்ணீர் குடிக்க விட்டது போக 30 நிமிடம் மிஞ்சும். ஒரு பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பு. நாற்பது நொடி ஆடுவதற்கு அரை மணி நேரம் நிற்கிறது அந்தப் பிள்ளை. ஆசிரியர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாற்ற வேண்டுமென்றால் திட்டம் வேண்டும். நான்கு பேர் கொண்ட பத்துக் குழு. வளையம் ஒன்றுதானா, சுவரில் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். பந்து குறைவா, நாலு குழு பந்தோடு, நாலு குழு கயிறு தாண்டட்டும், மீதி இரண்டு குழு கோன்களுக்கு நடுவே வளைந்து ஓடட்டும். விசில் அடித்ததும் இடம் மாற்றுங்கள். நீங்கள் நடுவில் நிற்காதீர்கள், ஓரமாக நில்லுங்கள், அப்போதுதான் யாருக்கும் முதுகு காட்டாமல் எல்லாரையும் பார்க்க முடியும். விளக்கம் சொல்லும்போது வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், பிள்ளைகள் முகத்தில் வேண்டாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு நீங்கள் காட்டும் எதுவும் தெரியாது.

5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நம் பீரியடைத் தவிர வேறெங்கும் ஓடாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி வைப்பது எனக்குப் பொறுக்காது.

தடகளப் பித்தன்:
சார், உங்கள் வரிசைக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பை நடத்தும் வித்தை வகுப்பு எடுக்க எடுக்க வந்துவிடும். உடம்பில் ஏறவேண்டியது இந்த வயதில் ஏறாவிட்டால் பிறகு ஏறாது. வேலையில் சேர்ந்த பிறகு விளையாட்டு விழா, அணித் தேர்வு, தேர்வு மேற்பார்வை என்று ஓடும். அப்போது யார் புதிதாக ஈட்டி எறியக் கற்றுக்கொள்வார்கள்? இப்போதே ஆட்டத்தைக் குறைப்பவர்தான் பிற்பாடு நாற்காலியும் விசிலுமாக உட்கார்ந்துவிடுகிறார்.

கோன் அடுக்குகிறவள்:
நான் பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அணியில் ஆடியதும் இல்லை. பள்ளியில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறிப் பெயர் கூப்பிடும்போது கடைசியாக மிஞ்சுகிற பிள்ளை நான்தான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு: நன்றாக ஆடுகிற ஆசிரியருக்கு, ஆட வராத பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்பது பல நேரம் புரிவதே இல்லை. "பந்தைப் பார், பந்தைப் பார்" என்று கத்துவார். அந்தப் பிள்ளை பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பந்து எங்கே வந்து விழும் என்று கணிக்கத்தான் அதற்கு வராது. லேசான பெரிய பந்தோ பலூனோ கொடுத்தால் கணிக்க நேரம் கிடைக்கும், பிடித்துவிடும்.

வளர்ச்சியைப் படிக்காமல் கிரவுண்டுக்குப் போகாதீர்கள். உயரம் மளமளவென்று கூடும் காலம் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் வருகிறது. ஆளுக்கு ஆள் முன்பின் ஆகும். அந்த நேரத்தில் கை கால் நீண்டுவிடும், பழைய கணக்கில் அசைகிற உடம்பு தடுமாறும். போன வருடம் அழகாக உயரம் தாண்டியவன் இந்த வருடம் குச்சியைத் தட்டிக்கொண்டே இருப்பான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டு வீங்கி வலிக்கிறது என்பான், குதிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வயதில் அடிக்கடி வருவது. "சோம்பேறி ஆகிவிட்டாய்" என்று அவனிடம் சொல்லிவிட்டால் விளையாட்டையே விட்டுவிடுவான். இது தெரிய வாலிபால் ஆடியிருக்க வேண்டியதில்லை அண்ணா.

தடகளப் பித்தன்:
நல்லது தங்கச்சி, ஆனால் நீங்கள் எதைச் செய்து காட்டுகிறீர்கள்?

கோன் அடுக்குகிறவள்:
எனக்கு வருவதை நானே காட்டுகிறேன். வராததை, வகுப்பில் ஓரளவு நன்றாகச் செய்கிற பிள்ளையைச் செய்யச் சொல்லி, மெதுவாக நிறுத்தி நிறுத்தி விளக்குகிறேன். தன் வயதுப் பிள்ளை செய்வதைப் பார்க்கும்போது "என்னாலும் முடியும்" என்ற நம்பிக்கை வருகிறது. அப்புறம் எல்லாப் பாடத்தையும் செய்து காட்டித்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 1982-இல் பங்கர், தோர்ப் என்ற இரண்டு பிரிட்டிஷ் கல்வியாளர்கள் முன்வைத்த முறையில், முதலில் சின்ன ஆட்டம் ஆடவிட்டு, "எங்கே இடம் காலியாக இருக்கிறது? பந்தை ஏன் அங்கே போடவில்லை?" என்று கேட்டு, தேவை வந்த பிறகுதான் திறனைக் கற்றுத் தருவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஆட்டம் புரிந்திருக்க வேண்டும், அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அணியில் ஆடும் தரம் தேவையில்லை.

முதலுதவிப் பெட்டி:
பள்ளியில் செவிலியராக இருந்தவள் நான். தடகளப் பித்தன் "எடுக்க எடுக்க வந்துவிடும்" என்கிறார். முதலுதவிக்கு அந்தப் பேச்சு ஆகாது. முதல் தடவையே சரியாகச் செய்தாக வேண்டிய வேலை அது.

மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்து இதயம் நின்றுபோன பிள்ளைக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி அழுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, பயிற்சி பொம்மையில் கை சோரும் வரை அழுத்திப் பார்ப்பது வேறொன்று. இரண்டு நிமிடத்திலேயே அழுத்தம் தளர்ந்துவிடும், ஆள் மாற்ற வேண்டும். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி (AED) பள்ளியில் இருந்தால் அது எந்த அறையில், சாவி யாரிடம் என்று முதல் நாளே கேளுங்கள்.

வெயிலில் ஓடிய பிள்ளை உளறினாலோ தள்ளாடினாலோ வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று காத்திருக்கக் கூடாது. ஓடியதால் வருகிற வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அங்கேயே தண்ணீரில் இறக்கியோ ஊற்றியோ குளிரவையுங்கள். வண்டி வரட்டும் என்று சும்மா நிற்கும் நிமிடங்கள்தான் உயிரை வாங்குகின்றன.

தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கி விழாவிட்டாலும் மூளையதிர்ச்சி இருக்கலாம். தலைசுற்றல், குமட்டல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. அன்றைக்கு இறுதிப் போட்டியாக இருந்தாலும் கிடையாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை கிடையாது.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் மாடி வகுப்பறையில் பைக்குள் இருக்கும், பிள்ளை கிரவுண்டில் இருக்கும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விசில் மாதிரி இன்ஹேலரும் கிரவுண்டுக்கு வர வேண்டும்.

தடகளப் பித்தன்:
மேடம் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. முதலுதவிக்கு நேரம் ஒதுக்குங்கள் தம்பி. நான் எதிர்ப்பது ஆட்டத்தை விடச் சொல்வதை மட்டும்தான்.

கரும்பலகை:
வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். நான் உயிரியல் ஆசிரியர். உடல்நலப் பாடத்தை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுப்பதே சரியில்லை என்பது என் கருத்து. ஓடிய மறுநாள் வருகிற தசைவலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்னும் கிரவுண்டில் சொல்லித் தருகிறார்கள். அந்த அமிலம், ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. மறுநாள் வலி பழக்கமில்லாத வேலை கொடுத்ததால் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தோடு தொடர்புடையது. மாதவிடாய், போதை, மனநலம் எல்லாம் இதை விடச் சிக்கலான பாடங்கள். எங்களிடம் விட்டுவிடுங்கள். தம்பி ஆட்டத்தையும் முதலுதவியையும் பார்த்துக்கொள்ளட்டும்.

சுண்ணாம்புக் கோடு:
சார், தப்பாகச் சொல்லித் தருகிறார்கள் என்றால் சரியாகப் படிக்க வைப்பதுதான் வழி, பாடத்தைப் பிடுங்குவது அல்ல. வகுப்பறையில் பிள்ளையின் தலையும் கையும்தான் உங்களுக்குத் தெரியும். சாப்பிடாமல் வந்து மயங்குவதும், திடீரென்று எடை குறைவதும், சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னால் மறுப்பதும் எங்கள் கண்ணில்தான் முதலில் படும். "இன்றைக்கு விளையாடவில்லை சார்" என்று ஒரு பெண் பிள்ளை ஓரமாக வந்து நிற்கும்போது நாலு பேர் கேட்கும்படி "ஏன்?" என்று கேட்காமலிருக்கத் தெரிந்திருக்க வேண்டும். "சரிம்மா, நீ நேரம் குறித்துக்கொடு" என்று ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்தால் போதும். இதெல்லாம் உடல்நலப் பாடத்தைத் தன் பாடமாக நினைக்கிறவருக்குத்தான் வரும்.

வலைக்குமேல்:
எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது அந்த வகுப்புதான். பருவமாற்றம் பற்றி நின்று பேச வேண்டும் என்று நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எப்படித் தயாராவது?

கோன் அடுக்குகிறவள்:
வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள், அதுதான் தயாரிப்பு. உடல் உறுப்புகளின் பெயர்களை முழங்கை, முழங்கால் என்று சொல்கிற அதே குரலில் சொல்லிப் பழகுங்கள். நண்பரை எதிரில் உட்காரவைத்து ஒரு வகுப்பை முழுதாக நடத்துங்கள். குரல் தாழ்ந்தால் அவர் நிறுத்தட்டும். நாம் குரலைத் தாழ்த்தினால் பிள்ளைகள் அதிலிருந்து வெட்கத்தைத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

வகுப்பில் ஒரு பெட்டி வையுங்கள். எல்லாரும் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்று எழுத வேண்டும். அப்போதுதான் யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று தெரியாது. சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்து, விடை சரிபார்த்துக்கொண்டு அடுத்த வகுப்பில் பேசுங்கள். யாராவது தனியாக வந்து "ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லக் கூடாது" என்றால் அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். "நீ சொல்வது உன் பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தால் உதவக்கூடியவரிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பள்ளியில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தடகளப் பித்தன்:
இவ்வளவு மென்மையாகப் போனால் கிரவுண்டில் ஒழுங்கு எப்படி வரும்? பேசினால் இரண்டு ரவுண்டு ஓடு என்று சொன்னால்தான் அடங்குகிறார்கள்.

சுண்ணாம்புக் கோடு:
ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டத்தை வெறுக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். ஓட்டத்தையே உயிராக நினைக்கிற நீங்கள் இதைச் சொல்லலாமா? பேசுகிறவனை விளையாட்டிலிருந்து இரண்டு நிமிடம் வெளியே உட்காரவையுங்கள். ஆட்டம் நன்றாக இருந்தால் உள்ளே வர அவனே துடிப்பான். துடிக்கவில்லை என்றால் உங்கள் பாடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தடகளப் பித்தன்:
ஓட்டம் விஷயத்தில் யோசிக்க வைத்துவிட்டீர்கள் சார். மற்றதில் என் நிலை அதேதான்.

வலைக்குமேல்:
எல்லாருக்கும் நன்றி. மாலைப் பயிற்சியை வைத்துக்கொள்கிறேன், காலைப் பயிற்சியை நிறுத்துகிறேன். காலையில் பக்கத்துப் பள்ளியில் அனுமதி வாங்கி ஆறாம் வகுப்பு பீரியடைப் பார்க்கப் போகிறேன். ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுத்து, அது எவ்வளவு நேரம் அசைகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் குறிக்கலாம் என்றிருக்கிறேன். முதலுதவிச் சான்றிதழ் வகுப்பிலும் பெயர் கொடுக்கிறேன்.

சுண்ணாம்புக் கோடு:
நன்றாக ஆடுகிற பிள்ளையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கண் தானாக அங்கேதான் போகும். ஓரத்தில் நிற்கிற பிள்ளையைக் குறியுங்கள். அப்புறம், மாலையில் ஒரு நாளாவது வாலிபாலை விட்டு உங்களுக்குச் சுத்தமாக வராத ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், நீச்சலோ ஜிம்னாஸ்டிக்ஸோ. வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் உடம்புக்கும் தெரிய வேண்டும்.

தடகளப் பித்தன்:
இதை நானும் ஆதரிக்கிறேன். ஜிம்னாஸ்டிக்ஸே எடுங்கள் தம்பி, குட்டிக்கரணத்திலிருந்து. பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள்.